மூன்று கிளாஸ்களுக்கு ஒரு தாய்: எதை மேலே தூக்கலாம், எதை அங்கேயே விடலாம்

வங்கி ஸ்டேட்மென்ட்களைப் படித்துக் கணக்கில் ஏற்றும் ஒரு மென்பொருளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒவ்வொரு வங்கியும் தன் ஸ்டேட்மென்டை ஒவ்வொரு விதமாகக் கொடுக்கும். முதல் வங்கிக்கு ஒரு கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் வேலைகளையும் ஒன்றாக வைக்கும் நிரல் பகுதி) எழுதினோம். இரண்டாவது வங்கி வந்தபோது அந்த கிளாஸை அப்படியே காப்பி செய்து, தேதியைப் படிக்கும் இடத்தையும் பத்திகளின் வரிசையையும் மாற்றினோம். மூன்றாவதுக்கும் அதேதான். ஒவ்வொன்றும் சுமார் 300 வரி. அவற்றில் பாதிக்கு மேல் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

ஒரு நாள் 1,25,000.00 என்று காற்புள்ளிகளோடு வந்த தொகை வெறும் 1 ரூபாயாகப் பதிவாகியிருந்தது. பிழையைக் கண்டுபிடித்து இரண்டு கிளாஸ்களில் சரிசெய்தேன். மூன்றாவதை மறந்துவிட்டேன். சில வாரம் கழித்து வேறொரு வாடிக்கையாளரிடமிருந்து அதே புகார் வந்தது.

இப்படி அடிபட்டவர்களுக்கு அடுத்துத் தோன்றுவது, பொதுவானதை எல்லாம் எடுத்து ஒரு பேஸ் கிளாஸில், அதாவது மற்ற கிளாஸ்கள் பிள்ளைகளாக இருந்து பொதுவான வேலைகளைப் பெறும் தாய் கிளாஸில், போட்டுவிடலாம் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். பாதி சரியாக வந்தது, பாதி அடுத்த ஆண்டே தொல்லை கொடுத்தது. ஏன் என்று யோசித்ததில் எனக்குப் புரிந்தது இது: இரண்டு கிளாஸ்களில் ஒரே வரிகள் இருப்பது மட்டும் அவற்றை ஒரு தாயின் கீழ் கொண்டுவரப் போதுமான காரணம் அல்ல. நாளை ஒன்று மாறினால் மற்றதும் கட்டாயம் மாறியே ஆக வேண்டும் என்ற நிலை இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தை ஜாவா மொழியின் சொந்த நூலகத்தை வைத்தே நன்றாக விளக்கலாம். அங்கே இந்த வேலை அழகாக நடந்த இடமும் உண்டு, இருபது முப்பது ஆண்டுகளாகச் சரிசெய்ய முடியாமல் போன இடமும் உண்டு.

முதலில் நன்றாக நடந்ததைப் பார்ப்போம்.

ஜாவா 1.0 வந்த 1996 முதலே ஸ்ட்ரிங்பஃபர் என்ற கிளாஸ் இருந்தது. எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு நீளமான ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) உருவாக்க அது பயன்படும். பல த்ரெட்கள் (ஒரே நிரலில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் தொட்டாலும் குழப்பம் வராதபடி அதன் மெத்தட்கள் (கிளாஸ் செய்யும் ஒவ்வொரு வேலைக்குமான கட்டளைத் தொகுப்புகள்) சிங்க்ரனைஸ் செய்யப்பட்டிருந்தன, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி பூட்டப்பட்டிருந்தன. நடைமுறையில் பெரும்பாலும் ஒரே த்ரெட்தான் அதைத் தொடும். தேவையே இல்லாத பூட்டுக்கு நேரம் செலவாகிக்கொண்டிருந்தது. எனவே 2004-இல் வந்த ஜாவா 5-இல் பூட்டில்லாத ஸ்ட்ரிங்பில்டர் என்ற இன்னொரு கிளாஸைச் சேர்த்தார்கள். மெத்தட்களின் பெயர்கள் அவையே, நடத்தையும் அதுவே, பூட்டு மட்டும் இல்லை.

பழையதைக் காப்பி செய்து பூட்டுகளை அழித்திருந்தால் வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அப்ஸ்ட்ராக்ட்ஸ்ட்ரிங்பில்டர் என்று ஒரு தாய் கிளாஸை உருவாக்கி, எழுத்துகளை வரிசையாக வைத்திருக்கும் பட்டியலான அரேயையும், எத்தனை எழுத்து இருக்கிறது என்ற எண்ணிக்கையையும், இடம் போதாதபோது அரேயைப் பெரிதாக்கும் வேலையையும், சேர்ப்பது, நுழைப்பது, நீக்குவது, திருப்பிப் போடுவது எல்லாவற்றையும் அதில் வைத்தார்கள். இரண்டு பிள்ளைகளும் அதை நீட்டிக்கின்றன. ஸ்ட்ரிங்பஃபரில் ஒவ்வொரு மெத்தடும் பூட்டைப் போட்டுக்கொண்டு தாயின் மெத்தடைக் கூப்பிடும். ஸ்ட்ரிங்பில்டரில் பூட்டு இல்லாமல் கூப்பிடும். எதில் வேறுபடுகின்றனவோ அது மட்டும் பிள்ளைகளிடம் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தத் தாய் கிளாஸ் பொதுவெளிக்குத் திறக்கப்படவில்லை. அதன் பேக்கேஜுக்குள் மட்டும்தான் தெரியும். உங்களாலும் என்னாலும் அந்த வகையில் ஒரு மாறியை அறிவிக்க முடியாது. “இவை இரண்டும் ஒரே இனம், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பயன்படுத்துங்கள்” என்று உலகத்துக்குச் சொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. உள்ளே வேலையைப் பங்குபோடுவதற்காகச் செய்யப்பட்டது. பங்குபோடத்தான் தாய் வேண்டும் என்றால் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். வெளியே காட்டிவிட்டால் யாராவது அவளை நம்பிக் கோடு (நிரல் வரிகள்) எழுதிவிடுவார்கள். அப்புறம் மாற்றவே முடியாது.

செலவு இல்லாமலும் இல்லை. ஸ்ட்ரிங்பில்டரின் கோடைத் திறந்து பார்த்தால், தாயைக் கூப்பிட்டுவிட்டுத் தன்னையே திருப்பிக் கொடுக்கும் இரண்டு வரி மெத்தட்கள் வரிசையாக நிற்கும். சேர்ப்பு மெத்தட் தாயின் வகையைத் திருப்பிக் கொடுத்தால் பயனருக்கு அது பயன்படாது. ஸ்ட்ரிங்பில்டராகவே திரும்ப வேண்டும். தாயின் மெத்தடைப் பிள்ளை தன் விதமாக மாற்றி எழுதும்போது, அதாவது ஓவர்ரைடு செய்யும்போது, திரும்பும் வகையைக் குறுக்கிக்கொள்ளும் வசதி ஜாவாவுக்கு அதே 5-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதனால் ஒவ்வொரு மெத்தடுக்கும் இப்படி ஒரு சின்ன உறை. பேஸ் கிளாஸ் போட்டால் கோடு குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைப் பார்த்துவிடுவது நல்லது. வரி எண்ணிக்கையில் லாபம் சுமார்தான்.

உண்மையான லாபம் 13 ஆண்டு கழித்து வந்தது. 2017-இல் வந்த ஜாவா 9-இல் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். அதுவரை ஒவ்வொரு எழுத்துக்கும் 2 பைட். ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்துகள் மட்டும் இருந்தால் 1 பைட்டே போதும் என்பதால், எழுத்து அரேயை எடுத்துவிட்டு பைட் அரேயும், எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் ஒரு சிறு குறியும் வைத்தார்கள். இப்போது லத்தீன் எழுத்துகளை மட்டும் வைத்திருக்கும் ஒரு ஸ்ட்ரிங்பில்டரில் “நன்றி” என்று சேர்த்தால் என்ன ஆகும்? தமிழ் எழுத்து 1 பைட்டில் அடங்காது. எனவே அந்த நொடியில் மொத்த அரேயையும் 2 பைட் வடிவத்துக்கு ஊதிப் பெரிதாக்க வேண்டும். இந்த வேலை தாய் கிளாஸில்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் அதுவே போதும். காப்பி செய்திருந்தால் இவ்வளவு நுட்பமான மாற்றத்தை இரண்டு இடத்தில் செய்து, இரண்டு இடத்திலும் சோதித்திருக்க வேண்டும். எங்கள் காற்புள்ளிப் பிழை மாதிரி ஒன்று அங்கே நுழைந்திருந்தால் உலகமெங்கும் ஓடும் ஜாவா நிரல்கள் பாதிக்கப்பட்டிருக்கும்.

எழுத்துகளை எப்படிச் சேமிப்பது என்பது மாறினால் இரண்டுமே மாறியாக வேண்டும். அதில் இரண்டு கிளாஸ்களுக்கும் தனித்தனி விருப்பம் இருக்க வழியே இல்லை. அதனால்தான் அந்தத் தாய் இத்தனை ஆண்டு நிலைத்தாள்.

சுங்கச்சாவடியில் நின்ற லாரிகள்

பொதுத் தாய் என்ற இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது வெறும் வரலாற்று ஆர்வம் மட்டுமல்ல. எதைத் தாய்க்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கேயே ஒரு நல்ல விடை கிடக்கிறது. ஓஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யூஹான் டால், கிரிஸ்டன் நூகோர்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நிஜ உலகில் நடப்பவற்றைக் கணினியில் போலச் செய்து பார்ப்பதற்கான மொழி அது. 1966 டிசம்பரில் அவர்கள் ஒரு பாலத்துச் சுங்கச்சாவடியை எடுத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் லாரிகளும் பேருந்துகளும் நிற்கின்றன. லாரியின் நடத்தை வேறு, பேருந்தின் நடத்தை வேறு. ஆனால் இரண்டும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வரிசையில் ஒரு கண்ணியாக இருக்கும் தன்மையை ‘லிங்க்’ என்று தனியாக எழுதி, லாரியையும் பேருந்தையும் அதனோடு ஒட்டிவிட்டால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒட்டியபின் இரண்டும் சேர்ந்து ஒரே பொருள். கணினி அறிஞர் டோனி ஹோர் அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சில் நடந்த ஒரு கோடைப் பள்ளியில் பேசிய ரெக்கார்டு கிளாஸ் யோசனையும் கைகொடுத்தது. அப்படிப் பிறந்ததுதான் சிமுலா 67-இன் துணை கிளாஸ். அதில் தாயின் பெயரைப் பிள்ளையின் அறிவிப்புக்கு முன்னொட்டாக எழுதுவார்கள். இந்தப் பணிக்காக இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு கிடைத்தது.

கவனியுங்கள். லாரிக்கும் பேருந்துக்கும் பொதுவான தாய் எது என்று இன்று ஒரு வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே ‘வாகனம்’ என்பார்கள். சக்கரம் இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, ஓட்டுநர் இருக்கிறார். பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் டாலும் நூகோர்டும் அன்று தாயாக எடுத்தது சக்கரத்தை அல்ல, வரிசையில் நிற்பதை. அவர்களுடைய நிரலுக்கு அது ஒன்றுதான் இரண்டிலும் ஒரே விதமாக இயங்க வேண்டிய விஷயம். பொருள்கள் பார்வைக்கு எப்படி ஒத்திருக்கின்றன என்பது நிரலுக்குத் தேவையில்லை. நிரல் அவற்றை எப்படி நடத்துகிறது என்பதுதான் தேவை.

ஒத்த கிளாஸ்களிலிருந்து தாயைப் பின்னால் பிரித்தெடுக்கும் முறையை ஒழுங்காக எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஓப்டைக். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜான்சனின் வழிகாட்டலில் அவர் செய்த முனைவர் ஆய்வு 1992-இல் வெளியானது. நிரலின் நடத்தையை மாற்றாமல் அதன் அமைப்பை மட்டும் மாற்றும் படிகளைப் பற்றியது. அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை முழுக்க முழுக்கப் பொதுத் தாய் கிளாஸை உருவாக்குவது பற்றியதே. 1999-இல் மார்ட்டின் ஃபௌலர் தொகுத்த பட்டியல் வழியாக அந்தப் படிகள் எல்லா நிரலாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. இன்று இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் ஆகிய நிரல் எழுதும் கருவிகளில் மெனுவில் ஒரு சொடுக்கில் அவை கிடைக்கின்றன.

சொடுக்கு எளிது. அதற்கு முந்தைய தயாரிப்பில்தான் உழைப்பு இருக்கிறது. எங்கள் வங்கி கிளாஸ்களில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பழைய ஸ்டேட்மென்ட்கள் நாற்பது எடுத்து, அப்போதிருந்த கோடு அவற்றுக்குக் கொடுத்த விடையை அப்படியே சேமித்தேன். விடை சரியா தவறா என்று பார்க்கவில்லை. நான் கை வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் மூன்று கிளாஸ்களுக்கும் காலியான ஒரு தாயை வைத்து ஓட்டிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த அடி.

அடுத்தது பலரும் அவசரத்தில் தாண்டிவிடும் படி. தாய்க்கு எதையும் தூக்குவதற்கு முன் பிள்ளைகளை ஒன்றுபோல ஆக்க வேண்டும். ஒரு கிளாஸில் ‘தேதியைப் படி’ என்று இருக்கும், இன்னொன்றில் அதே வேலை ‘தேதியை மாற்று’ என்று இருக்கும். ஒன்றில் வரி எண் முதல் அளவுருவாக வரும், இன்னொன்றில் கடைசியில் வரும். ஒன்று தவறான வரிக்கு எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும், இன்னொன்று ‘நல்’ (null, அதாவது மதிப்பு ஏதுமில்லை) திருப்பிக் கொடுக்கும். பெயரையும் வரிசையையும் மாற்றுவது எளிது. கடைசியாகச் சொன்னது அப்படியல்ல. அங்கே இரண்டும் நிஜமாகவே வேறு வேறாக நடக்கின்றன. எது சரி என்று முடிவெடுப்பது ரீஃபாக்டரிங் (நடத்தை மாறாமல் அமைப்பை மட்டும் மாற்றுவது) ஆகாது, அது நடத்தை மாற்றம். அதைத் தனியாக, தனிக் கமிட்டாக (தனியாகப் பதிவாகும் மாற்றமாக) செய்ய வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால், நாளை ஒரு பிழை வரும்போது அது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

ஃபீல்டுகளை (கிளாஸ் வைத்திருக்கும் தரவை) முதலில் தூக்குவேன், அவற்றைத் தொடும் மெத்தட்களை அப்புறம். நடுவில் மட்டும் வேறுபடும் நீளமான மெத்தடுக்கு ஒரு நல்ல வழி உண்டு. எங்கள் ‘ஸ்டேட்மென்டைப் படி’ மெத்தடில் கோப்பைத் திறப்பது, மேலே உள்ள முகவரி வரிகளைத் தாண்டுவது, ஒவ்வொரு வரியையும் பரிவர்த்தனையாக மாற்றுவது, ஏற்கெனவே ஏற்றியதா என்று பார்ப்பது, இருப்பைச் சரிபார்ப்பது என்று எல்லாமே இருந்தன. வரியைப் பரிவர்த்தனையாக மாற்றும் துண்டு மட்டும் வங்கிக்கு வங்கி வேறு. அதை மூன்று கிளாஸ்களிலும் ஒரே பெயருள்ள ஒரு மெத்தடாகப் பிரித்தேன். பிரித்ததும் சுற்றியுள்ள பகுதி மூன்றிலும் ஒன்றாகிவிட்டது. அதைத் தாய்க்குத் தூக்கி, வேறுபடும் துண்டை அப்ஸ்ட்ராக்ட் (பிள்ளைகளே எழுதிக்கொள்ள வேண்டியது) என்று அறிவித்தால் முடிந்தது. டெம்ப்ளேட் மெத்தட் என்று இதற்குப் பெயர்.

கன்ஸ்ட்ரக்டரில் (பொருள் உருவாகும்போது ஓடும் பகுதியில்) மட்டும் இந்த வழியைப் பயன்படுத்தாதீர்கள். ஜாவாவில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது பிள்ளையின் ஃபீல்டுகளுக்கு இன்னும் மதிப்பு வந்திருக்காது. அந்த நேரத்தில் தாய், பிள்ளை ஓவர்ரைடு செய்த மெத்தடைக் கூப்பிட்டால், அது ‘நல்’ மதிப்பையும் பூஜ்யத்தையும் வைத்து வேலை செய்யும். சி++ மொழியில் அந்த இடத்தில் பிள்ளையின் மெத்தட் கூப்பிடப்படாது, தாயின் மெத்தடே ஓடும். ஒரே மாதிரி தெரியும் கோடு இரண்டு மொழிகளில் இரண்டு விதமாக நடக்கிறது. 2025-இல் வந்த ஜாவா 25-இல், தாயின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் முன்பே பிள்ளை தன் ஃபீல்டுகளுக்கு மதிப்புக் கொடுக்க அனுமதித்திருக்கிறார்கள். என்றாலும் கன்ஸ்ட்ரக்டரில் அப்படிக் கூப்பிடாமல் இருப்பதே நல்லது.

தவறான தாய்

இனி, சறுக்கிய இடங்கள். ஜாவா 1.0-இலேயே ஸ்டேக் என்ற கிளாஸை வெக்டரின் பிள்ளையாக எழுதிவிட்டார்கள். மேலே வைப்பது, மேலிருந்து எடுப்பது, இரண்டு மட்டும்தான் ஸ்டேக்கின் குணம். வெக்டரில் அரே இருக்கிறது, தானாக வளர்கிறது, அதைப் பயன்படுத்திக்கொண்டால் ஐந்தாறு மெத்தட்களில் ஸ்டேக் தயார். ஆனால் வெக்டரின் பிள்ளை என்பதால் வெக்டரின் எல்லா மெத்தட்களும் ஸ்டேக்குக்கும் வந்துவிட்டன. நடுவில் ஒன்றை நுழைக்கலாம், அடியிலிருந்து ஒன்றை உருவலாம். அதை இன்றுவரை மூட முடியவில்லை. மூடினால் யாருடைய நிரலோ உடையும். ஜாவாவின் ஆவணமே இப்போது ஸ்டேக்கை விட்டுவிட்டு டெக் என்ற இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தச் சொல்கிறது.

ப்ராப்பர்ட்டீஸ் கதை இன்னும் அழுத்தமானது. ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் என்று அமைப்புகளைச் சேமிக்கும் கிளாஸ் அது. அதை, எந்தப் பெயருக்கும் எந்த மதிப்பையும் சேமிக்கும் ஹேஷ்டேபிளின் பிள்ளையாக்கினார்கள். எனவே யார் வேண்டுமானாலும் தாயின் மெத்தட் வழியாக ஸ்ட்ரிங் அல்லாத ஒன்றை உள்ளே போடலாம். கோப்பில் சேமிக்கும்போதுதான் அது வெடிக்கும். ஜாவா 9-இல் அதன் உள்ளே கன்கரன்ட்ஹேஷ்மேப் ஒன்றை வைத்து, தரவை எல்லாம் அதற்கு மாற்றினார்கள். இன்றைக்கு ஒரு ப்ராப்பர்ட்டீஸ் பொருள் வகையால் ஹேஷ்டேபிள். ஆனால் ஹேஷ்டேபிளுக்குரிய சேமிப்பு எதையும் அது பயன்படுத்துவதில்லை. கோடைப் பகிர்ந்துகொள்ளத்தான் அந்த உறவை ஏற்படுத்தினார்கள். பகிர்ந்த கோடு போய்விட்டது, உறவு மட்டும் நிற்கிறது.

ஹேஷ்டேபிளுக்கே ஒரு சிக்கல் இருந்தது. 1998-இல் ஜாவா 1.2-இல் கலெக்‌ஷன்ஸ் (தரவைத் தொகுத்து வைக்கும் கிளாஸ்கள்) வந்தபோது, பெயருக்கு மதிப்பு என்று சேமிக்கும் மேப் வகைகளுக்குப் பொதுவான வேலைகளை எல்லாம் அப்ஸ்ட்ராக்ட்மேப் என்ற தாயில் நல்லபடியாக எழுதிவைத்தார்கள். ஹேஷ்மேப் அதன் கீழ் வந்தது. ஹேஷ்டேபிளால் வர முடியவில்லை. அதற்கு 1.0-இலிருந்தே டிக்‌ஷனரி என்ற ஒரு தாய் இருந்தாள், ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரு தாய்தான். அப்ஸ்ட்ராக்ட்மேப் இலவசமாகக் கொடுத்திருக்கக்கூடிய மெத்தட்களை ஹேஷ்டேபிள் தனக்காகத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. சில வரிகளை மிச்சப்படுத்துவதற்காக அந்த ஒற்றை இடத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி டைம்ஸ்டாம்ப். தரவுத்தளத்துக்கான இந்த கிளாஸ், டேட் என்ற கிளாஸின் பிள்ளை; நானோ விநாடியைத் தனியாக வைத்திருக்கிறது. ஒரு டேட்டிடம் “இந்த டைம்ஸ்டாம்ப் உனக்குச் சமமா?” என்று கேட்டால் ஆம் என்று சொல்லக்கூடும். அதே டைம்ஸ்டாம்பிடம் திருப்பிக் கேட்டால் இல்லை என்றே சொல்லும். இந்த உறவு நடைமுறைப்படுத்தலுக்காக மட்டுமே, வகை உறவு அல்ல, எனவே டைம்ஸ்டாம்பைப் பொதுவான டேட்டாக நடத்தாதீர்கள் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையைத் தாயின் இடத்தில் வைத்தால் தாயை நம்பிய கோடு ஏமாறக் கூடாது என்று கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-லேயே ஒரு உரையில் விளக்கியிருந்தார். மொழி அந்த உறவை அனுமதிக்கிறது, ஆவணம் வேண்டாம் என்கிறது. நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் ஆவணத்தைப் படிப்பதில்லை.

இதை எல்லாம் வைத்துக்கொண்டு எங்கள் வங்கி கிளாஸ்களுக்கு வருகிறேன். நான் தாய்க்குத் தூக்கியவற்றில் இருப்புச் சரிபார்ப்பும் இருந்தது: தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். இது எந்த வங்கிக்கும் மாறாது. மாறினால் அது வங்கியே அல்ல. இன்றுவரை அந்த மெத்தடில் யாரும் கை வைக்கவில்லை.

அதே நாளில் இன்னொன்றையும் தூக்கினேன். யூபிஐ பரிவர்த்தனைகளின் விவரக் குறிப்பைச் சாய்கோடுகளில் வெட்டி, குறிப்பெண்ணை எடுக்கும் 12 வரிகள். மூன்று கிளாஸ்களில் இரண்டில் அந்த வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ஆனால் அந்த இரண்டு வங்கிகளும் ஒன்றோடொன்று பேசி அந்த வடிவத்தை முடிவு செய்யவில்லை. தற்செயலாக ஒத்திருந்தன. சில மாதத்தில் ஒரு வங்கி தன் குறிப்பில் ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்தது. அவசரத்தில், தாயின் மெத்தடில் ‘புதிய வடிவமா’ என்று ஒரு பூலியன் (ஆம் அல்லது இல்லை) அளவுருவைச் சேர்த்தேன். நான்காவது வங்கி வந்தபோது இரண்டாவது பூலியன் சேர்ந்தது. ஐந்தாவது வங்கியின் குறிப்பில் சாய்கோடே இல்லை. அப்போது அந்த மெத்தடைப் படித்த புதிய தோழர் ஒருவர், எந்த வங்கிக்கு எந்தப் பாதை என்று பேப்பரில் எழுதிப் பார்த்தும் தெளிவு கிடைக்காமல் என்னிடம் வந்தார்.

இருவரும் உட்கார்ந்து அதைக் கீழே இறக்கினோம். தாயின் மெத்தடை ஒவ்வொரு பிள்ளைக்கும் காப்பி செய்து, அந்தந்தப் பிள்ளைக்குப் பொருந்தாத கிளைகளை அழித்தோம். ஐந்து இடங்களில் ஏழெட்டு வரிகள் வந்தன, அவற்றில் சில மீண்டும் ஒன்றுபோலவே இருந்தன, அப்படியே விட்டோம். காற்புள்ளியோடு வரும் தொகையைப் படிப்பதையும் தாயிலிருந்து எடுத்தோம், ஆனால் வேறு காரணத்துக்காக. வருமான வரி அறிக்கை எழுதும் இன்னொரு பகுதிக்கும் அது தேவைப்பட்டது, அந்தப் பகுதிக்கு வங்கி கிளாஸ்களோடு எந்த உறவும் இல்லை. அதைத் தனி கிளாஸாக்கி, வேண்டியவர்கள் கையில் வைத்துப் பயன்படுத்தும்படி செய்தோம்.

இப்போது அந்தத் தாய் கிளாஸில் நான்கு வேலைகள்தான் இருக்கின்றன: கோப்பைத் திறந்து வரிவரியாகக் கொடுப்பது, ஏற்கெனவே ஏற்றியதா என்று பார்ப்பது, இருப்பைச் சரிபார்ப்பது, பிழை வந்த வரியின் எண்ணைச் சொல்வது. அப்ஸ்ட்ராக்ட் மெத்தட்கள் இரண்டு. ஆறாவது வங்கிக்கான கிளாஸை அந்தத் தோழர் தனியாகவே எழுதினார். 60 வரிகூட வரவில்லை.